மோலில் தொடங்கி அணுவுக்குள் வரை: எண்ணுகிறோமா, எடை போடுகிறோமா?

படிவம் 4, 5 மாணவர்களுக்கும், அவர்களுக்கு மாலை வகுப்பில் வேதியியல் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கும் இந்தக் கட்டுரை. எஸ்.பி.எம். வேதியியலில் மோல் கணக்கு என்றாலே பலருக்குக் கை நடுங்குகிறது. அணு மாதிரிகள் பாடமோ நேர்மாறு: பெயரையும் படத்தையும் மனனம் செய்தால் போதும் என்று நினைத்துவிடுகிறோம். இரண்டும் தனித்தனிப் பாடம் இல்லை. ஒன்று புரிந்தால் மற்றது பாதி புரிந்த மாதிரி.

முதலில் என் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சோதனைத் தாளில் ஒரு கேள்வி: 2.4 கிராம் மெக்னீசியம் 1.6 கிராம் ஆக்சிஜனுடன் சேர்ந்து மெக்னீசியம் ஆக்சைடு ஆகிறது. அதன் எளிய வாய்பாடு என்ன? ஒரு மாணவன், "மெக்னீசியம் 3, ஆக்சிஜன் 2" என்று எழுதியிருந்தான். நான் சிவப்பு மையில் தவறு போட்டேன். அவன் தாளோடு வந்து நின்றான்.

"சார், ரெண்டையும் 0.8-ஆல வகுத்தா 3, 2 வருது. கணக்கு சரிதானே? ஏன் சார் தப்பு?"

"மோலுக்கு மாத்தணும்ப்பா, மறந்துட்ட" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அடுத்த சோதனையில் எண்கள் வேறு. அவன் செய்த தவறு அதேதான். பிறகுதான் எனக்கு உறைத்தது. அவன் எதையும் மறக்கவில்லை. ஏன் மாற்ற வேண்டும் என்பதை நான் சொல்லவே இல்லை. விதியைக் கொடுத்தேன், காரணத்தைக் கொடுக்கவில்லை. அந்தக் காரணத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. இரண்டு காசுப் பைகள்

மேசையில் இரண்டு பைகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் பையில் பெரிய காசுகள். ஒவ்வொன்றும் 6 கிராம். இரண்டாவது பையில் சின்னக் காசுகள். ஒவ்வொன்றும் 4 கிராம். தராசில் வைத்தால் முதல் பை 2400 கிராம், இரண்டாவது பை 1600 கிராம்.

எடை விகிதம் 3 : 2. அப்படியானால் காசுகளின் எண்ணிக்கையும் 3 : 2 தானா? இல்லை. 2400 ÷ 6 = 400. 1600 ÷ 4 = 400. இரண்டு பையிலும் ஒரே எண்ணிக்கை! முதல் பை கனமாக இருப்பதற்குக் காரணம் அதில் காசு அதிகம் என்பதல்ல. ஒவ்வொரு காசும் கனம் என்பதுதான்.

மெக்னீசியம் அணு பெரிய காசு, ஆக்சிஜன் அணு சின்னக் காசு. அவற்றின் ஒப்பு அணுப் பொருண்மை 24, 16. இதைச் சுருக்கினால் 6, 4. நம் காசுப் பைகளேதான்! அந்த மாணவன் பைகளின் எடையைப் பார்த்துவிட்டு, அதையே காசுகளின் எண்ணிக்கை என்று எழுதிவிட்டான்.

வேதியியல் வாய்பாடு எண்ணிக்கையைக் கேட்கிறது. தராசு எடையைத்தான் சொல்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வகுத்தல் தேவை. அந்த வகுத்தல்தான் மோல் கணக்கு. கணக்கைத் தொடும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "என் கையில் இருக்கும் எண் எடையா, எண்ணிக்கையா?"

2. மோல் என்பது ஓர் எண்ணிக்கை

கடையில் முட்டை வாங்கினால் தட்டுக் கணக்கு. ஒரு தட்டு என்றால் 30. ஒரு டஜன் என்றால் 12. அதே மாதிரி, ஒரு மோல் என்றால் 6.02 × 10²³. இது அவகாட்ரோ மாறிலி. முட்டையோ, அணுவோ, மூலக்கூறோ, அயனியோ, எதை எண்ணினாலும் இதே எண்தான்.

இது எவ்வளவு பெரிய எண்? வினாடிக்கு ஒரு மில்லியன் என்ற வேகத்தில் விடாமல் எண்ணினாலும், ஒரு மோலை எண்ணி முடிக்க ஏறக்குறைய 19 பில்லியன் ஆண்டுகள் ஆகும். பேரண்டத்தின் வயதே சுமார் 13.8 பில்லியன் ஆண்டுதான். ஆனால் ஒரு மோல் தண்ணீர் 18 கிராம்தான். ஒரே மடக்கில் குடித்துவிடலாம். அணு அவ்வளவு சிறியது. அதனால்தான் எண்ணாமல் எடை போடுகிறோம்.

இந்த எண் எங்கிருந்து வந்தது? 12 கிராம் கார்பன்-12 இல் எத்தனை அணுக்கள் உண்டோ, அத்தனை துகள்கள் ஒரு மோல் என்று நீண்டகாலம் வரையறுத்திருந்தார்கள். 2019 மே 20 முதல் வரையறை மாறியது. இப்போது ஒரு மோல் என்பது சரியாக 6.02214076 × 10²³ துகள்கள். பழைய வரையறை கிராமில் தொடங்கியது. புதியது நேராக எண்ணிக்கையிலேயே தொடங்குகிறது. தேர்வுக் கணக்குக்கு 6.02 × 10²³ போதும்.

இங்கே ஒரு பொறி உண்டு. "ஒரு மோல் ஆக்சிஜன்" என்றால் எதை எண்ணுகிறோம்? அணுவையா, மூலக்கூறையா? ஆக்சிஜன் வாயுவில் இரண்டிரண்டு அணுக்கள் சேர்ந்து ஒரு மூலக்கூறாக இருக்கின்றன. ஆகவே 16 கிராம் ஆக்சிஜன் வாயுவில் இருப்பது 16 ÷ 32 = 0.5 மோல் மூலக்கூறுகள். மூலக்கூறுகளின் எண்ணிக்கை 3.01 × 10²³. அணுக்களின் எண்ணிக்கை அதன் இரு மடங்கு, 6.02 × 10²³. கேள்வியில் "அணு" என்றிருக்கிறதா, "மூலக்கூறு" என்றிருக்கிறதா என்று பார்த்து அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒரு புள்ளி அங்கேதான் போகும்.

3. கே.எல். சென்ட்ரலில் இறங்குங்கள்

கிள்ளானிலிருந்து கொமுட்டரில் கிளம்பி விமான நிலையம் போக வேண்டுமா? கே.எல். சென்ட்ரலில் இறங்கி வண்டி மாற வேண்டும். மோலும் அப்படித்தான். எடை, துகள் எண்ணிக்கை, வாயுவின் கொள்ளளவு என்று மூன்று பாதைகள் உண்டு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக, நடுவில் மோலில் இறங்கித்தான் ஆக வேண்டும்.

எடையிலிருந்து மோல்: கிராமை மோலார் பொருண்மையால் வகுக்கவும்.
துகள் எண்ணிக்கையிலிருந்து மோல்: எண்ணிக்கையை 6.02 × 10²³ ஆல் வகுக்கவும்.
வாயுக் கொள்ளளவிலிருந்து மோல்: அறை நிலையில் 24 கன டெசிமீட்டரால் வகுக்கவும், திட்ட வெப்ப அழுத்த நிலையில் 22.4 ஆல் வகுக்கவும்.

மோலுக்கு வரும்போது வகுத்தல். மோலிலிருந்து வெளியே போகும்போது பெருக்கல். முக்கோணப் படம் எதுவும் வரையாமலே இது நினைவில் நிற்கும்.

இப்போ சமன்பாட்டுக்கு வருவோம். உணவகத்தில் ஒரு செட் என்றால் 3 இட்லி, 1 வடை என்று வைத்துக்கொள்வோம். 3 : 1 என்பது எண்ணிக்கை. "300 கிராம் இட்லிக்கு 100 கிராம் வடை" என்று யாரும் கேட்பதில்லை. சமன்பாட்டின் முன்னால் நிற்கும் எண்களும் அப்படித்தான். அம்மோனியா தயாரிப்பைப் பாருங்கள்:

1 நைட்ரஜன் மூலக்கூறு + 3 ஹைட்ரஜன் மூலக்கூறுகள் → 2 அம்மோனியா மூலக்கூறுகள்

28 கிராம் நைட்ரஜனுக்கு எத்தனை கிராம் ஹைட்ரஜன் வேண்டும்? 28 × 3 = 84 என்று எழுதினால் தவறு. 28 கிராம் நைட்ரஜன் 1 மோல். அதற்கு 3 மோல் ஹைட்ரஜன் வேண்டும். ஒரு மோல் ஹைட்ரஜன் மூலக்கூறு 2 கிராம். ஆக, விடை 6 கிராம்தான். 84 எங்கே, 6 எங்கே!

இன்னொரு முழுக் கணக்கு. 4.6 கிராம் சோடியம் தண்ணீருடன் முழுமையாக வினைபுரிகிறது. அறை நிலையில் எவ்வளவு ஹைட்ரஜன் வாயு கிடைக்கும்? சமன்பாட்டில் 2 சோடியம் அணுக்களுக்கு 1 ஹைட்ரஜன் மூலக்கூறு.

படி 1: மோலுக்குள் நுழைக. 4.6 ÷ 23 = 0.2 மோல் சோடியம்.
படி 2: மோலுக்குள் வண்டி மாறுக. 2-க்கு 1 என்றால், 0.2-க்கு 0.1 மோல் ஹைட்ரஜன்.
படி 3: மோலிலிருந்து வெளியேறுக. 0.1 × 24 = 2.4 கன டெசிமீட்டர்.

சமன்பாட்டின் எண்கள் இரண்டாம் படியில் மட்டும் வருகின்றன, கவனித்தீர்களா? ஒன்றாம் படியிலோ மூன்றாம் படியிலோ அவற்றை நுழைத்தால் விடை கெட்டுவிடும்.

4. மெக்னீசியம் ஆக்சைடு: அந்த 3 : 2

இப்போ அந்த மாணவனின் கேள்விக்குத் திரும்புவோம். ஆய்வுக்கூடத்தில் இதை எப்படிச் செய்கிறோம்? மெக்னீசியம் நாடாவை மணல்தாளால் தேய்த்து, மேலே படிந்திருக்கும் ஆக்சைடை நீக்குகிறோம். மூடியுள்ள சிறு பீங்கான் புடக்குகையில் போட்டு எடை பார்க்கிறோம். பிறகு சூடாக்குகிறோம். இடையிடையே மூடியைச் சற்றுத் தூக்கி உடனே மூடுகிறோம்.

ஏன் தூக்க வேண்டும்? ஆக்சிஜன் உள்ளே போக. ஏன் உடனே மூட வேண்டும்? வெள்ளைப் புகை வெளியே போகாமலிருக்க. அந்தப் புகைதான் மெக்னீசியம் ஆக்சைடு. அது தப்பிப் போனால் கடைசியில் எடை குறையும். ஆக்சிஜன் குறைவாகச் சேர்ந்தது போலக் கணக்கில் காட்டும். குளிரவைத்து எடை பார்ப்பது, மீண்டும் சூடாக்குவது என்று எடை மாறாத வரை திரும்பத் திரும்பச் செய்கிறோம். எடை மாறவில்லை என்றால் மெக்னீசியம் முழுவதும் வினைபுரிந்துவிட்டது என்று பொருள்.

கிடைத்த எண்கள்: மெக்னீசியம் 2.4 கிராம், ஆக்சைடு 4.0 கிராம். வித்தியாசம் 1.6 கிராம் ஆக்சிஜன்.

மெக்னீசியம்: 2.4 ÷ 24 = 0.1 மோல்
ஆக்சிஜன் அணு: 1.6 ÷ 16 = 0.1 மோல்
எண்ணிக்கை விகிதம் 1 : 1

ஆகவே, ஒரு மெக்னீசியத்துக்கு ஓர் ஆக்சிஜன். இங்கே ஆக்சிஜனை 32 ஆல் வகுக்கக் கூடாது. வாய்பாட்டில் நாம் எண்ணுவது அணுவை, வாயு மூலக்கூறை அல்ல.

5. இதே இடத்தில் தடுக்கிய டால்டன்

அந்த மாணவனிடம் இன்று ஒன்று சொல்வேன்: "தம்பி, நீ சிக்கின இடத்துலதான் ஜான் டால்டனும் சிக்கினார்." பொய்யில்லை.

ஒவ்வொரு தனிமமும் அணுக்களால் ஆனது, ஒரே தனிமத்தின் அணுக்கள் ஒரே எடை, அவை எளிய எண்ணிக்கையில் சேர்ந்து சேர்மங்கள் ஆகின்றன: இது 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டால்டன் சொன்னது. ஆனால் ஓர் அணுவின் எடையை எப்படிக் கண்டுபிடிப்பது? தண்ணீரில் 1 கிராம் ஹைட்ரஜனுக்கு 8 கிராம் ஆக்சிஜன் இருக்கிறது. இது தராசு சொல்லும் எடை. ஒரு தண்ணீர்த் துகளில் எத்தனை ஹைட்ரஜன், எத்தனை ஆக்சிஜன் என்பதைத் தராசு சொல்லாது. டால்டன் எளிமையாக ஒன்றுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டார். அந்தக் கணக்கில் ஆக்சிஜன் அணு ஹைட்ரஜனைப் போல் 8 மடங்கு ஆக வேண்டும். அன்றைய அளவீடு துல்லியமில்லாததால் 1808-இல் வந்த அவருடைய நூலில் அது 7 என்றிருந்தது.

அவர் எங்கே சிக்கினார், பார்த்தீர்களா? எண்ணிக்கை தெரிந்தால்தான் அணுவின் எடையைச் சொல்ல முடியும். அணுவின் எடை தெரிந்தால்தான் எண்ணிக்கையைச் சொல்ல முடியும். பையில் எத்தனை காசு என்றும் தெரியாது, ஒரு காசு எத்தனை கிராம் என்றும் தெரியாது!

வழி வாயுக்களிலிருந்து வந்தது. 2 பங்கு ஹைட்ரஜனும் 1 பங்கு ஆக்சிஜனும் சேர்ந்தால் 2 பங்கு நீராவி வருகிறது என்று கே-லூசாக்கின் ஆய்வுகள் காட்டின. 1811-இல் இத்தாலியரான அவகாட்ரோ இதற்கு விளக்கம் சொன்னார்: ஒரே வெப்பநிலையிலும் ஒரே அழுத்தத்திலும், ஒரே கொள்ளளவுள்ள எந்த வாயுவிலும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை ஒன்றுதான். அப்படியானால் கொள்ளளவைப் பார்த்தே எண்ணிக்கையைச் சொல்லிவிடலாம். தண்ணீரில் ஹைட்ரஜன் 2, ஆக்சிஜன் 1. ஆக்சிஜன் அணுவின் எடை 8 அல்ல, 16.

ஆனால் அரை நூற்றாண்டு வரை பெரும்பாலோர் இதை ஏற்கவில்லை. 1860-இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் வேதியியலாளர்கள் கூடிய மாநாட்டில், கன்னிஸாரோ என்ற இன்னோர் இத்தாலியர் அவகாட்ரோவின் கருத்தை வைத்து அணு எடைகளை ஒழுங்குபடுத்தும் வழியை எடுத்துச் சொன்னார். அதன் பிறகுதான் குழப்பம் தீரத் தொடங்கியது. அவகாட்ரோ அதற்கு முன்பே, 1856-இல் காலமாகிவிட்டார்.

எந்த வாயுவாக இருந்தாலும் ஒரு மோல் அறை நிலையில் 24 கன டெசிமீட்டர் என்று இன்று நாம் எழுதுகிறோமே, அதன் பின்னால் இருப்பது இந்த 1811 கருத்துதான்.

6. அணுவுக்குள்: 24, 16 என்ற எண்கள் எங்கிருந்து வருகின்றன?

மெக்னீசியம் ஏன் 24? ஆக்சிஜன் ஏன் 16? இதற்கு விடை அணுவுக்குள் இருக்கிறது. அணு மாதிரிகள் பாடத்தை ஐந்து படங்களாகப் படிக்காதீர்கள். ஒவ்வொரு மாதிரிக்கும் இரண்டு கேள்வி கேளுங்கள்: எந்தச் சோதனை பழைய மாதிரியை உடைத்தது? புதிய மாதிரி எதை விளக்காமல் விட்டது?

டால்டன்: அணு ஒரு திடமான சிறு உருண்டை, பிரிக்க முடியாதது. ஆனால் அணுவுக்குள்ளிருந்து ஏதாவது வெளியே வந்தால்?

தாம்சன்: 1897-இல் கேத்தோடு கதிர்களை ஆராய்ந்து, அவை எதிர் மின்னூட்டம் கொண்ட துகள்கள் என்று காட்டினார். எந்த உலோகத்தைக் கேத்தோடாக வைத்தாலும் அதே துகள்தான் வந்தது. அதுதான் எலக்ட்ரான். அணு உடையாதது என்ற கருத்து அங்கே போயிற்று. நேர் மின்னூட்டம் கொண்ட உருண்டைக்குள் எலக்ட்ரான்கள் பதிந்திருக்கின்றன என்பது அவருடைய மாதிரி. கேசரியில் முந்திரி பதிந்திருப்பது போல என்று நாம் சொல்லலாம்.

ரூதர்ஃபோர்டு: மான்செஸ்டரில் அவருடன் பணிபுரிந்த கைகரும் மார்ஸ்டனும் மெல்லிய தங்கத் தகட்டின் மேல் ஆல்ஃபா துகள்களைப் பாய்ச்சினார்கள். பெரும்பாலானவை நேராகப் போய்விட்டன. சில சற்றே விலகின. பல ஆயிரத்தில் ஒன்று திரும்பி வந்தது! கேசரியில் எறிந்த கல் திரும்பி வருமா? 1911-இல் ரூதர்ஃபோர்டு முடிவு சொன்னார்: அணுவின் பெரும்பகுதி வெற்றிடம், நேர் மின்னூட்டமும் ஏறக்குறைய முழுப் பொருண்மையும் நடுவில் மிகச் சிறிய அணுக்கருவில் குவிந்திருக்கின்றன. அணுவைப் புக்கிட் ஜாலில் அரங்கம் அளவுக்குப் பெரிதாக்கினால், அணுக்கரு நடுத்திடலில் வைத்த கோலிக்குண்டு அளவுதான் இருக்கும்.

போர்: ரூதர்ஃபோர்டின் அணுவில் ஒரு சிக்கல். சுற்றிவரும் எலக்ட்ரான் ஆற்றலை இழந்து அணுக்கருவில் விழுந்துவிட வேண்டும் என்று அன்றைய இயற்பியல் சொன்னது. அணுக்கள் அப்படி நொறுங்கவில்லையே! ஹைட்ரஜன் வெளியிடும் ஒளியும் குறிப்பிட்ட சில நிறக் கோடுகளாக மட்டும் வந்தது. 1913-இல் நீல்ஸ் போர், எலக்ட்ரான்கள் குறிப்பிட்ட ஆற்றல் கொண்ட கூடுகளில் மட்டுமே இருக்க முடியும் என்றார். நாம் 2, 8, 2 என்று மெக்னீசியத்துக்கு எழுதும் எலக்ட்ரான் அமைப்பு இந்த வழியில் வந்தது.

சாட்விக்: இன்னொரு சிக்கல் பாக்கி. ஹீலியத்தின் அணுக்கருவில் 2 புரோட்டான்கள். ஆனால் பொருண்மை 4. மீதி இரண்டு எங்கிருந்து வந்தது? 1932-இல் ஜேம்ஸ் சாட்விக் மின்னூட்டம் இல்லாத, புரோட்டானுக்கு ஏறக்குறைய சமமான பொருண்மை கொண்ட நியூட்ரானைக் கண்டுபிடித்தார். கணக்கு நேரானது: 2 புரோட்டான், 2 நியூட்ரான், மொத்தம் 4.

இப்போ மோலோடு சேர்த்துப் பாருங்கள். எலக்ட்ரானின் பொருண்மை புரோட்டானில் சுமார் 1836-இல் ஒரு பங்குதான். எடைக் கணக்கில் விட்டுவிடலாம். ஆக, அணுவின் பொருண்மை என்பது ஏறக்குறைய புரோட்டான், நியூட்ரான் இவற்றின் எண்ணிக்கை. ஒரு மோல் புரோட்டான்களை எடை போட்டால் சுமார் 1 கிராம். ஒரு மோல் நியூட்ரான்களும் அப்படியே. 12 புரோட்டானும் 12 நியூட்ரானும் உள்ள மெக்னீசியம் அணுக்களில் ஒரு மோல் ஏன் 24 கிராம்? விடை இப்போது உங்கள் கையில்.

அப்படியானால் குளோரின் ஏன் 35.5? அரை நியூட்ரான் என்று ஒன்று உண்டா? இல்லை. இயற்கையில் உள்ள குளோரினில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு நியூக்ளியான் எண் 35 கொண்டது; ஒரு பங்கு 37 கொண்டது. இவை ஐசோடோப்புகள்: புரோட்டான் ஒன்றே, நியூட்ரான் வேறு. சராசரி: (75 × 35 + 25 × 37) ÷ 100 = 35.5. "ஒரே தனிமத்தின் அணுக்கள் ஒரே எடை" என்ற டால்டனின் கருத்தும் இங்கே திருத்தப்பட்டது.

எஸ்.டி.பி.எம். படிக்கப் போகிறவர்களுக்கு ஒரு வரி: போரின் கூடுகளும் கடைசி மாதிரி அல்ல. 1926-இல் ஷ்ரோடிங்கரின் சமன்பாட்டுக்குப் பிறகு எலக்ட்ரானை வட்டப் பாதையில் ஓடும் பந்தாகப் பார்ப்பதில்லை. அது எங்கே இருக்க வாய்ப்பு அதிகம் என்றே பேசுகிறோம்.

7. பயிற்சி

விடையைப் பார்க்கும் முன் தாளில் செய்து பாருங்கள்.

கேள்வி 1: 9 கிராம் தண்ணீரில் எத்தனை மூலக்கூறுகள்? எத்தனை ஹைட்ரஜன் அணுக்கள்?
கேள்வி 2: 3.2 கிராம் மீத்தேன் முழுமையாக எரிகிறது. 1 மீத்தேன் மூலக்கூறுக்கு 1 கார்பன் டைஆக்சைடு மூலக்கூறு கிடைக்கும். அறை நிலையில் கார்பன் டைஆக்சைடின் கொள்ளளவு என்ன? மீத்தேனின் மோலார் பொருண்மை 16.
கேள்வி 3: 11.2 கிராம் இரும்பு ஆக்சிஜனுடன் சேர்ந்து 16.0 கிராம் ஆக்சைடு தருகிறது. எளிய வாய்பாடு என்ன? இரும்பு 56, ஆக்சிஜன் 16.
கேள்வி 4: ஆல்ஃபா துகள்களில் பெரும்பாலானவை நேராகப் போனது எதைக் காட்டுகிறது? சில திரும்பி வந்தது எதைக் காட்டுகிறது?

விடை 1: 9 ÷ 18 = 0.5 மோல், 3.01 × 10²³ மூலக்கூறுகள். ஒவ்வொன்றிலும் 2 ஹைட்ரஜன், ஆகவே 6.02 × 10²³ ஹைட்ரஜன் அணுக்கள்.
விடை 2: 3.2 ÷ 16 = 0.2 மோல்; விகிதம் 1 : 1; 0.2 × 24 = 4.8 கன டெசிமீட்டர்.
விடை 3: ஆக்சிஜன் 16.0 − 11.2 = 4.8 கிராம். இரும்பு 11.2 ÷ 56 = 0.2 மோல், ஆக்சிஜன் 4.8 ÷ 16 = 0.3 மோல். இரும்பு 2, ஆக்சிஜன் 3. எடையை வைத்து 7 : 3 என்று எழுதியிருந்தால், முதல் பகுதிக் காசுப் பைகளை மீண்டும் ஒருமுறை பாருங்கள்.
விடை 4: அணுவின் பெரும்பகுதி வெற்றிடம். நேர் மின்னூட்டமும் பொருண்மையும் நடுவில் மிகச் சிறிய இடத்தில் குவிந்துள்ளன.

ஆசிரியர்களுக்கு

தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இந்தப் பாடத்தை மலாயிலோ ஆங்கிலத்திலோ படிக்கிறார்கள். சொல் ஒரு மொழியில் இருக்கிறது. பொருள் எந்த மொழியிலும் பதியாமல் போய்விடுகிறது. தேர்வுத் தாளின் சொல்லையே பிடித்துக்கொண்டு தமிழில் விளக்குங்கள். மலாய்த் தாளில் "ஜிசிம்" என்று வந்தால் அது பொருண்மை, தராசுக்குரியது. "பிலாங்ஙான்" என்று வந்தால் எண்ணிக்கை. "பிலாங்ஙான் மோல்" என்ற தொடரிலேயே மோல் ஓர் எண்ணிக்கை என்பது இருக்கிறது! இந்த இரண்டு சொற்களையும் கேள்வியில் இரண்டு நிறத்தில் வட்டமிடச் சொல்லுங்கள்.

வகுப்பில் செய்து காட்டவும் ஒரு வழி உண்டு. ஒரு பையில் பாசிப்பயறு, இன்னொன்றில் கொண்டைக்கடலை, இரண்டும் 100 கிராம். சமையலறைத் தராசில் எடை காட்டிவிட்டு, "எதில் அதிகம்?" என்று கேளுங்கள். பிறகு பத்து மணிகளை மட்டும் எடை போட்டு, பையிலுள்ள மொத்த எண்ணிக்கையைக் கணக்கிடச் சொல்லுங்கள். சாதாரணத் தராசு பத்துப் பயறின் எடையைக் காட்டாவிட்டால் நூறாக எடுத்துக்கொள்ளலாம். கால் மணி நேரம் போகும். ஆனால் அதன் பிறகு "ஏன் சார் வகுக்கணும்?" என்று கேட்கும் பிள்ளைக்குப் பக்கத்தில் இருக்கும் பிள்ளையே பதில் சொல்லிவிடும்.

என்னிடம் கேட்ட மாணவனுக்கு அன்று நான் அந்தக் கால் மணி நேரத்தைக் கொடுக்கவில்லை. அவன் கேட்டது நல்ல கேள்வி. உங்கள் வகுப்பில் அதே கேள்வி வந்தால், "மறந்துட்ட" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடாதீர்கள்.